துளிர் வந்திருக்குதுங்க சார்

அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கைப்பேசியைத் தையல் மெஷின் மேல் வைப்பதற்குள் பதில் வந்துவிடும். எழுத்தில் வராது, குரலில் வரும். பின்னணியில் ஒரு கார் உறுமும், யாரோ கியரைக் கரகரவென்று தேய்ப்பார்கள். அதற்கு நடுவே அவர் நிதானமாகப் பேசுவார்.

"திண்டிவனம் மேடம், வணக்கம். ஒன்னும் பயப்படாதீங்க. தைரியமா பண்ணுங்க. நான் இருக்கேன் இல்ல?"

விழுப்புரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் போன்சாய். தட்டு மாதிரியான தொட்டியில் பெரிய மரத்தைச் சின்னதாக வளர்க்கிறார்களே, அதைப் பற்றி யூடியூபில் பேசுவார். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் வைத்திருந்தார். வீடியோவில் அவர் பெயருக்குக் கீழே 'போன்சாய் ஆலோசகர்' என்று எழுதியிருக்கும். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. குழுவில் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஊர்தான் பெயர். காணை சார், முண்டியம்பாக்கம் சிஸ்டர், நான் திண்டிவனம் மேடம்.

ஏழெட்டு மாதம் அந்தக் குழுவில் இருந்தேன். "தெரியாது" என்றோ, "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றோ அவர் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பழியையும் அவர் மேல் போட்டது போல் ஆகிவிடும். பத்தாவது வரை படித்தேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் நான் தள்ளிப்போய் நிற்பேன். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டை மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்து, "இன்னாக்கா, புடிக்குதே" என்பார்கள். அவர்கள் பெருத்துப் போயிருப்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். "சரிங்க, பிரிச்சித் தரேங்க" என்பேன்.

அவரிடம் நான் யோசனை கேட்ட மரமும் என்னுடையது இல்லை. என் தம்பியுடையது.

திண்டிவனத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை இடித்தபோது, அதன் விரிசலில் விரல் நீளத்துக்கு, ஆல் இனத்து இச்சிச் செடி ஒன்று இருந்ததாம். தம்பி அதைப் பிடுங்கி வந்து, பன்னிரண்டு வருடம் வளர்த்தான். ஒரு முழ உயரந்தான் இருக்கும். ஆனால் அடிமரம் என் மணிக்கட்டுக் கனம். வேரெல்லாம் கோழிக்கால் மாதிரி ஒரு கருங்கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் ஏரிக்கரையில் நிற்கிற பெரிய மரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள்.

கத்தாருக்கு ஏசி வேலைக்குக் கிளம்பியபோது அதை எங்கள் மொட்டைமாடியில் கொண்டுவந்து வைத்தான்.

"ரெண்டு வருஷம்க்கா. நான் வந்து பாக்க சொல்ல இது இருக்கணும். மத்தது எல்லாம் எப்பிடி இருந்தாலும் பரவால்ல."

"அப்ப நான் எப்பிடி இருந்தாலும் பரவால்லயா மாப்ள?" என்றார் என் வீட்டுக்காரர். நெல் மண்டியில் எடை போடுகிறவர் அவர். வார்த்தையையும் தட்டில் வைத்துத்தான் எடுப்பார்.

தம்பி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தான். மண் மேலாகக் காய்ந்தால் தண்ணீர் ஊற்று. வெயிலிலேயே இருக்கட்டும். வேறு ஒன்றும் பண்ணாதே.

முதல் ஒன்பது மாதம் அப்படியே செய்தேன். மரம் நன்றாக இருந்தது. ஐப்பசியில் விடாமல் மழை பிடித்துக்கொண்டபோது ஏழெட்டு இலை மஞ்சளாகி உதிர்ந்தது. இப்போது யோசித்தால், அது ஒரு விஷயமே இல்லை. அன்று அந்த இலைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தம்பிக்குப் போன் போட்டிருக்கலாம். அங்கே அனல் காற்றில் கட்டடத்து உச்சியில் நின்று வேலை செய்கிறவனிடம், உன் மரத்து இலை பழுத்துக் கொட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? சரி பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஓர் அம்மா, "எங்க சார் ஒருத்தரு இருக்காரு, கேட்ட நிமிஷம் சொல்லுவாரு" என்று என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

கேட்ட நிமிஷம் சொன்னார்.

"மேடம், மழை ஆவாது. வீட்டுக்குள்ள வெச்சிடுங்க. ஹாலு, டிவி பக்கம். மனுஷன் இருக்கற எடத்துல இருந்தாதான் அதுக்குத் தைரியம் வரும்."

டிவி பக்கம் வைத்தேன். பத்தே நாளில் பாதி இலை கொட்டியது. கேட்டேன்.

"கொட்டுதா? சூப்பர். பழசு போவுது, புதுசு வரப்போவுது. இப்ப ஐஸ் கட்டி வையிங்க. காலைல மூனு, சாயங்காலம் மூனு. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சி எறங்கும்."

இச்சி மரத்துக்கு ஐஸ் கட்டி! வெயிலில் வெடித்த சுவரில் முளைத்தது அது. ஆனாலும் வைத்தேன். என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், டிவிக்குப் பக்கத்தில் மரம் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

"எனக்குப் பானைத் தண்ணி. அதுக்கு ஃபிரிட்ஜ் தண்ணி. போன ஜென்மத்துல கலெக்டரா இருந்திருக்கும் போல."

பிறகு மல்லாட்டைப் பிண்ணாக்கு, அதாவது கடலைப் பிண்ணாக்கு. எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் கிடைக்கிற சரக்கு. தம்பியும் போடுவான். ஆனால் ஊறவைத்து, புளிக்கவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து, தெளிவை மட்டும் கொஞ்சமாக ஊற்றுவான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் குழுவில் தயங்கித் தயங்கி எழுதினேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"அது பழைய மெத்தட் மேடம். தண்ணி கலந்தா சத்து போயிடும். கெட்டியா, இட்லி மாவு மாதிரி மேல பூசுங்க. ஜல்தி எழுந்துக்கும்."

எழுந்தது புழுதான். வீடு முழுக்க நாற்றம். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்றாம் நாள் மரத்தை மாடிக்கே ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு மிச்ச இலையைக் கிள்ளிவிடச் சொன்னார். கிளை வளையக் கம்பி சுற்றச் சொன்னார். என்ன கம்பி என்று கேட்டேன். "கட்டட வேலைக்கு யூஸ் பண்ற கட்டுக்கம்பி போதும் மேடம். நல்லா இறுக்கிச் சுத்துங்க. நாம இறுக்குனாதான் அது சொன்ன பேச்சு கேக்கும்." சுற்றினேன். மழை ஈரத்தில் துருப்பிடித்துப் பட்டையைக் கடித்துக்கொண்டு உள்ளே போனது.

ஏன் கேட்டாய், ஏன் செய்தாய் என்று யாராவது கேட்டால் ஒன்றே ஒன்று சொல்லலாம். தப்பாகச் சொல்கிறவர் கொஞ்சம் தடுமாறிச் சொன்னால் நமக்கும் சந்தேகம் வரும். அவர் தடுமாறவே மாட்டார். எனக்குச் சரியென்று தெரிந்ததைச் சொல்லும்போதே குரல் நடுங்கும். அவருக்குத் தெரியாததைச் சொல்லும்போதும் நடுங்காது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு ஒரு மரத்தையே கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவில் இருந்தவர்கள் இருபது பேர் திருவக்கரைக்குப் போனோம். காளியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் கல்மரப் பூங்காவுக்கு நடந்தோம். மரங்கள் கல்லாகிப் படுத்துக் கிடக்கிற இடம். ஒரு பெரிய கல்மரத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பாத்துக்கோங்க. கோடிக்கணக்கான வருஷம். இவ்ளோ வருஷம் ஒரு மரம் இங்க நின்னுச்சின்னா, இந்தச் செம்மண்ணுல இன்னா சத்து இருக்கணும்! நம்ம தொட்டிக்கு இந்த மாதிரி மண்ணுதான் வேணும்."

காவலாளி ஒருவர் குச்சியோடு நின்றிருந்தார். "சார், இது இங்க மொளைச்ச மரம் இல்ல. எங்கியோ இருந்து வெள்ளம் அடிச்சிக்கினு வந்து போட்டது. அதோ, போர்டுல எழுதியிருக்குது பாருங்க."

அவர் போர்டு பக்கம் திரும்பக்கூட இல்லை. "அது பழைய போர்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். காவலாளியும் சிரித்துவிட்டார். சார் மட்டும் சிரிக்கவில்லை. உண்மையாகவே அந்தப் போர்டு பழசு என்று நம்பினார்.

மதியம் மரத்தடியில் சாப்பிட்டோம். நான் வழக்கம்போலத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து, புளிச்சோற்றுத் தூக்கோடு நேராக என்னிடம் வந்தார். சோறு போட்டுக்கொண்டே சத்தமாகக் கேட்டார்:

"திண்டிவனம் மேடத்த கேப்போம். இச்சிக்கு இன்னா கலர் தொட்டி எடுப்பா இருக்கும் மேடம்?"

இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. "கருப்புங்க" என்றேன். இலை பச்சையாகத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"கேட்டுக்கோங்கப்பா. கருப்பு. துணியில வேலை பாக்குறவங்களுக்குத்தான் கலரு தெரியும்."

என் வாழ்க்கையில் என்னை ஒரு கேள்வி கேட்டு, நான் சொன்ன பதிலை இன்னொரு தடவை நாலு பேருக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு எல்லோரும் பஸ் ஏறிய பிறகுதான் அவர் தன் காரை எடுத்தார். யாருக்காவது இடம் கிடைக்கவில்லை என்றால் ஏற்றிக்கொள்ள அதுவரை காத்திருந்தார். அப்படிப்பட்ட மனிதரிடம், சார், நீங்கள் சொன்னதெல்லாம் தப்பு என்று எப்படிச் சொல்வது?

சித்திரை வெயிலில் வேரில் பாதியை வெட்டி மண் மாற்றச் சொன்னார். அதையும் செய்தேன். அதற்குப் பிறகு மரத்தில் ஒன்றும் இல்லை. இலை இல்லை, மொட்டு இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு குச்சி நின்றது. தினமும் காலையில் மாடிக்குப் போய், கணுக்கணுவாகத் தடவிப் பார்த்துவிட்டு இறங்குவேன். தம்பி வர எட்டு மாதம் இருந்தது.

இருபது நாள் கழித்துக் குழுவில் அவர் குரல் வந்தது. எல்லோரும் கேட்கிற மாதிரி.

"திண்டிவனம் மேடம்! துளிர் வந்துச்சா? எல்லாரும் வெயிட் பண்றாங்க."

எழுதினேன்: 'துளிர் வந்திருக்குதுங்க சார். நன்றி.'

கைதட்டு, பூ, கும்பிடு என்று நாற்பது ஐம்பது படங்கள் வந்து விழுந்தன. மறுநாள் அவர் ஒரு வீடியோ போட்டார். சித்திரையில் வேர் வெட்டலாமா என்பது தலைப்பு. "வெட்டலாம்" என்று ஆரம்பித்து, திண்டிவனத்தில் ஒரு மேடம் வெட்டினார்கள், இருபதே நாளில் துளிர் என்று முடித்தார். ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அந்த மரமும் தப்பித்திருக்கும்.

எந்த மரம் என்கிறீர்களா? காணை சாருடைய புளிய மரம்.

அவர் கரும்பு போடுகிற விவசாயி. மகள் பிறந்த வருடம் வைத்த புளியங்கன்றைத் தொட்டியிலேயே வளர்த்து வந்தார். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வைகாசியில் ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். அதுவரை அவரோடு நான் தனியாகப் பேசியதில்லை.

"அம்மா, காணையில இருந்து பேசறேங்க. உங்க இச்சிக்குத் துளிர் வந்துச்சின்னு சார் வீடியோ போட்டாரு இல்லிங்களா, அதப் பாத்துத்தான் நானும் வேர வெட்டினேன். எனக்கு ஒரு மாசம் ஆயிடுச்சி, ஒன்னத்தையும் காணோம். உங்களுக்கு எந்த எடத்துல மொதல்ல வந்துச்சிங்க? அடியிலயா, நுனியிலயா?"

அடியிலா, நுனியிலா? ஒரு பொய்க்கு இத்தனை விவரம் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. மெஷினில் ஒரு ஜாக்கெட் பாதியில் நின்றது. அதன் கைப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரலிங்க" என்றேன்.

"இன்னாங்க?"

"துளிர் வரலிங்க. சும்மா போட்டேன். என் மரம் செத்துப்போச்சுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பொண்ணு லீவுக்கு வந்திருக்குதும்மா. தெனம் தொட்டிகிட்ட போயி நின்னுக்கினு இருக்குது" என்றார். பிறகு அவரே சொன்னார்: "நான் மட்டும் இன்னா யோக்கியம். போன வருஷம் என் எலுமிச்ச போயிடுச்சி. அவரு மனசு நோவக் கூடாதுன்னு, பூ வெச்சிருக்குதுன்னு போட்டேன். ஒருவேள அதப் பாத்து நீங்க நம்பினீங்களோ என்னமோ."

நம்பினேன். பிண்ணாக்கு பூசி எலுமிச்சை பூத்ததாகக் காணை சார் போட்டதைப் பார்த்துத்தான் நானும் கெட்டியாகப் பூசினேன்.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு ஆத்திரம். அவர் மேல், என் மேல், கைதட்டியவர்கள் மேல். மறுநாள் காலையில் மரத்தைத் தொட்டியோடு தூக்கி, பழைய புடவையைச் சுற்றி, விழுப்புரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே புடவையை விலக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, வெறகா?"

"மரம்ங்க."

"கம்பி போட்டுக் கட்டியிருக்கீங்களே. ஓடிப்போயிடுமா?"

முண்டியம்பாக்கம் தாண்டும்வரை நான் என்னென்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டிரைவிங் ஸ்கூல் வாசலில் அவர் காரில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற இடத்தில் ஒரு டீச்சரம்மா, முதல் நாள். என்னைப் பார்த்ததும் சாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, திண்டிவனம் மேடம்! மரத்தையே கொண்டாந்துட்டீங்களா? பின்னாடி ஏறுங்க. ஒரு ரவுண்டு முடிச்சிட்டுப் பேசுவோம்."

மறுக்கத் தெரியாமல் ஏறிவிட்டேன். செத்த மரத்தை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு ரவுண்டு.

அவருடைய பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. அதன் மேல் அவர் கால் எப்போதும் லேசாகத் தொட்டபடி இருந்தது. டீச்சரம்மா ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கும் முன்பே அவர் கை அங்கே போய்விடும். ஒரு திருப்பத்தில் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார். வண்டி பூப்போல நின்றது.

"பரவால்ல டீச்சர். மொத நாள் எல்லாருக்கும் அப்பிடித்தான். கண்ண மட்டும் மூடாதீங்க. மறுபடியும் எடுங்க." ஒரு துளிக் கோபம் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு கவனமாகப் பார்க்கத் தெரிந்த மனிதர். ஓட்டுகிறவரின் கால் விரலைக்கூடப் பார்க்கிறார். என் மரத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா? தைரியமாகப் பண்ணுங்கள், நான் இருக்கிறேன் என்று அவர் சொன்னது காரில் உண்மை. அங்கே அவர் காலடியில் பிரேக் இருக்கிறது. என் வீட்டு மொட்டைமாடியில் அவருக்கு என்ன இருந்தது?

டீச்சரம்மா இறங்கிப் போனதும் புடவையை விலக்கினேன். பஸ்ஸில் சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "செத்துப்போச்சுங்க சார்" என்று மட்டும் வந்தது.

அவர் மரத்தைப் பார்த்தார். "துளிர் வந்துச்சின்னு போட்டீங்களே மேடம்?"

"பொய்ங்க சார்."

"ஏன் மேடம்?"

"நீங்க எல்லார் முன்னாடியும் கேட்டீங்க."

அவர் கம்பியைத் தொட்டார். துரு விரலில் ஒட்டியது. "இது இன்னா, கட்டுக்கம்பியா? இதப் போயி யாரு சுத்தச் சொன்னது?"

கைப்பேசியை எடுத்துத் தேடி, அவருடைய குரலையே ஓடவிட்டேன். "கட்டுக்கம்பி போதும் மேடம். நல்லா இறுக்கிச் சுத்துங்க..." காருக்குள் அந்தக் குரல் ரொம்பச் சத்தமாகக் கேட்டது. அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி முழுக்கக் கேட்டார். முடிந்ததும் விரலிலிருந்த துருவைப் பேண்டில் துடைத்தார்.

"சரி மேடம். ஒரு பத்து நாள் நெழல்ல வெச்சிப் பாருங்க" என்றார்.

செத்த மரத்துக்குப் பத்து நாள் நிழல். கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அப்போதும் கும்பிடு போட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழுவில் குரல் வந்தது. "அனைவருக்கும் வணக்கம். ஒரு முக்கியமான அறிவிப்பு. தயவுசெஞ்சி மரத்த பஸ்ல எடுத்துக்கினு போவாதீங்க. இன்னிக்கு ஒரு மேடம் எடுத்துக்கினு வந்தாங்க. ஆட்டத்துல வேர் விட்டுப்போச்சு. நல்லா துளிர் வந்த மரம்."

அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டு. 'நன்றி சார்.' 'பயனுள்ள தகவல் சார்.'

நான் மெஷினிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. நின்றபடியே எழுதினேன்: 'என் மரம் பஸ்ல சாவலைங்க சார். முன்னாடியே செத்துப்போச்சு. துளிர் வந்ததுன்னு நான் போட்டது பொய். யாரும் அதைப் பார்த்து வேரை வெட்டாதீங்க.'

அனுப்பிவிட்டேன். கைதட்டு நின்றுபோனது.

பிறகு காணை சார் எழுதினார்: 'என் புளியும் போச்சுங்க. எலுமிச்சை பூத்ததும் பொய்.' அப்புறம் முண்டியம்பாக்கம் சிஸ்டர்: 'என் ஆலமரம் போன தீபாவளிக்கே போயிடுச்சு சார். சொல்ல கஷ்டமா இருந்துச்சு.' அதற்குப் பிறகு விக்கிரவாண்டி, மயிலம், செஞ்சி. ஊர் ஊராக வந்தன. மாதுளை, வேம்பு, அரசு, போகன்வில்லா. படித்துக்கொண்டே போனேன். எங்கள் குழுவில் உயிரோடு ஒரு மரமாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை மாதமாக, செத்த மரத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கைதட்டியிருக்கிறோம். அவர் பாவம், அத்தனையும் நிஜம் என்று நம்பியிருக்கிறார். நம்பி, அடுத்தவருக்கும் அதையே சொல்லியிருக்கிறார்.

அவர் குரலைப் பதிவுசெய்துகொண்டிருப்பதாகத் திரையில் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. கேட்ட நிமிஷம் பதில் சொல்கிறவருக்கு, நான் அடுப்பில் சோறு வைத்து இறக்கும்வரை பதில் வரவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகும் அந்தக் குழுவில் அவர் குரல் வரவே இல்லை.

ஆனி பிறந்து சில நாள் இருக்கும். வாசலில் எல் போர்டு போட்ட கார் வந்து நின்றது. அந்த டீச்சரம்மாதான் விழுப்புரத்திலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். பக்கத்தில் அவர். இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு பெயின்ட் டப்பாவை நீட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு ஓர் இச்சிச் செடி.

"காம்பவுண்டு சுவத்துல இருந்துச்சி மேடம். வேர் அறுக்காம எடுக்க ரெண்டு மணி நேரம் ஆச்சி." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "எப்பிடிப் பாத்துக்கணும்னு எல்லாம் எழுதியிருக்கேன். தைரியமா பண்ணுங்க."

கார் போனதும் தாளைப் பிரித்தேன். பதினாறு குறிப்புகள். முதலாவது, வாரம் ஒரு தடவை தயிர்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மறுபடியுமா? பேஜாரு புடிச்ச மனுஷன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தாளைத் திருப்பித் தர ஓடலாம் என்றால், கார் முனையில் திரும்பிவிட்டது. திரும்பும்போது இன்டிகேட்டர் போட்டிருந்தார்கள்.

தம்பி தை மாதம் வந்தான். போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தேன். வந்ததும் பையை வைத்துவிட்டு மாடிக்குத்தான் போனான். கட்டுக்கம்பியைக் குறடால் வெட்டி ஒவ்வொன்றாக எடுத்தான். அடிமரத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். பழுப்பு. இன்னும் கீழே கீறினான். அங்கேயும் பழுப்பு.

"மூனு வரிதான்க்கா எழுதிக் குடுத்தேன்" என்றான்.

நான் கீழே கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

அவன் அந்தக் குச்சியைக் கல்லோடு எடுத்துச் சுவரோரம் வைத்தான். தொட்டியைக் கழுவினான். பெயின்ட் டப்பாச் செடியை வெளியே எடுத்து, வேரை உற்றுப் பார்த்துவிட்டு, "வேர் நல்லா எடுத்திருக்கான் அந்த ஆளு. ஒன்னுகூட அறுவல" என்றான். செடியை அந்தத் தொட்டியில் நட்டான். "இன்னும் பன்னண்டு வருஷம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாசியில் மறுபடியும் கத்தாருக்குப் போய்விட்டான். இந்தத் தடவை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய காலண்டர் தாளையே எடுத்து, மாடிப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான்.

மண் காய்ந்தால் ஊற்றுகிறேன். வெயிலில் இருக்கிறது. வேறு ஒன்றும் பண்ணுவதில்லை. பங்குனியில் நுனியில் ஒன்று, அடியில் இரண்டு என்று துளிர் வந்தது. சின்னது, செம்பு நிறம், எண்ணெய் தடவினாற்போல. போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். காணை சாருக்கும் அனுப்பினேன்.

எங்கள் சாருக்கு மட்டும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் போலத்தான் இருந்தது. அவர் எண்ணைத் திறந்து, 'துளிர் வந்திருக்குதுங்க சார்' என்று எழுதியும் விட்டேன். இந்தத் தடவை அது உண்மை. படித்தால் அந்த மனிதருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதினாறு குறிப்பால்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வார். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் தன் மரத்துக்குத் தயிர் ஊற்றுவார்.

எழுதியதை அழித்துவிட்டு, ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தேன்.